வீட்டுக்குள் வந்த குளிர்

குளிர்காலமே இல்லாத நாட்டில் குளிரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஈப்போவில் நண்பகல் வெப்பம் 33 பாகை செல்சியசைத் தொடுவது அன்றாடம் நடப்பது. விடியற்காலையில்கூடப் பெரும்பாலும் 23 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. நம் நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையாகப் பதிவாகியிருப்பது, 1978 பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் பதிவான 7.8 பாகை. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுநல வழிகாட்டி, குளிர் நாடுகளில் வீட்டின் உட்புறம் 18 பாகையாவது இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்தால் நம் வீடுகள் எல்லாம் சொர்க்கம்தான்!

ஆனால் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு பழைய தோட்ட வீட்டில் வாழும் என் பாட்டி, ஆண்டுதோறும் தீபாவளி முடிந்த கையோடு கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிறார். "குளிருது கண்ணு, எலும்புக்குள்ள ஏறுது" என்கிறார். அப்போது பிடிக்கும் இருமல் தைப்பூசம் வரை விடுவதில்லை. வெப்பமானி பொய் சொல்கிறதா, பாட்டி பொய் சொல்கிறாரா? இரண்டும் இல்லை. பாட்டி குளிர் என்று சொல்வது ஈரத்தை. நனைந்த சுவர், காயாத போர்வை, சில்லிட்ட சிமெண்டுத் தரை, ஒழுகும் தகரம் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் நம்மவர்களின் குளிர்காலம்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதுதான். ஈரத்தை வீட்டிலிருந்து விரட்டப் பெரும்பணம் தேவையில்லை. ஆனால், அந்தச் சிறு செலவைச் செய்யும் உரிமை வீட்டில் இருப்பவருக்கு உண்டா என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அந்தச் சிக்கலை அவிழ்ப்பதில் பல்கலைக்கழக மாணவர்களான நமக்கு ஒரு பங்கு உண்டு.

தோட்டத்தின் குளிர்காலம்

இந்நாட்டின் இரப்பர் வரலாற்றில் பேராக் மாநிலத்துக்குத் தனி இடம் உண்டு. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து அந்த வரலாறு தொடங்குகிறது. அந்த மரத்துக்கும் ஒரு குளிர்காலம் உண்டு என்பது இன்றைய இளையோரில் பலருக்குத் தெரியாது. ஆண்டுத் தொடக்கத்தில் இரப்பர் மரம் இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். வெள்ளைக்காரத் துரைமார் இதற்கு இட்ட பெயரே "விண்டரிங்" என்பதுதான். மரம் குளிர்காலம் கொள்கிறது என்று பொருள். அந்த வாரங்களில் பால் சுரப்பு குறையும். பால் குறைந்தால் வெட்டுக்காரர் வீட்டு வருமானமும் குறையும்.

அதற்கு முந்திய மாதங்களில் மழை. அக்டோபர், நவம்பர் மாதங்கள் பேராக்கில் அடைமழைக் காலம். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து ஓடிவிடும். மங்கில் விழுந்த பாலும் மழைநீரோடு போய்விடும். ஆகவே மழை பெய்யும் விடியலில் வெட்டு கிடையாது. இப்படி, உடம்புக்குக் கதகதப்பும் வயிற்றுக்கு நல்ல உணவும் அதிகம் தேவைப்படும் மாதங்களிலேயே கையில் காசு குறைந்துபோகும். நம் பாட்டன் பாட்டிமார் இப்படியே பல மழைக்காலங்களைக் கடந்து வந்தவர்கள்.

அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெட்டி வீழ்த்தப்பட்ட பழைய இரப்பர் மரங்கள் விறகாகக் கிடைத்தன. மழைக்கு முன்பே விறகைப் பிளந்து அஞ்சடியில் அடுக்கிவிடுவார்களாம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஈரத்துணியைக் காயவைப்பார்களாம். காலையில் சுக்குக் காப்பி, இரவில் மிளகு ரசம், பிள்ளைகளின் நெஞ்சில் கோடாலித் தைலம், படுக்கையின் அடியில் கோணிச்சாக்கு. இவற்றில் பெரும்பாலானவை காசு கேட்காதவை. ஆனால், அடுப்பு அணைந்துவிட்ட இன்றைய வீட்டில் அந்த முறைகளில் பாதி செல்லாது. மின் அடுப்பும் எரிவாயு அடுப்பும் சமையலை எளிதாக்கின. வீட்டை உலர்த்தும் வேலையை அவை செய்வதில்லை.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

தைப்பிங் நகரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்ப மலேசியாவிலேயே மிக அதிகமாக மழை பெறும் நகரம் என்று பெயர் பெற்றது அது. ஈப்போவில் அதைவிடக் குறைவு என்றாலும் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. மழை வெளியில் பெய்வதால் கேடு இல்லை. அது வீட்டுக்குள் தங்கிவிடுவதுதான் கேடு.

தகரக் கூரையை எடுத்துக்கொள்வோம். பகலில் அது அடுப்புச் சட்டி போலக் காய்கிறது. இரவில் அதே வேகத்தில் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த தகரத்தின் அடிப்பக்கத்தில் வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று பட்டு நீர்த்துளியாகிச் சொட்டுகிறது. மழையே பெய்யாத இரவிலும் போர்வை நனைந்திருப்பதற்கு இதுவே காரணம். நண்பகல் புழுக்கமும் நள்ளிரவுக் குளிரும் ஒரே கூரையின் இரண்டு முகங்கள். "இது வெப்ப நாடு, குளிர்சாதனம் வாங்கினால் போதும்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூரைக்கும் படுக்கைக்கும் இடையில் ஓர் உட்கூரை இருந்தால் இரண்டு துன்பங்களும் குறையும்.

தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் ஈரம் விலக்கு அளித்துவிடவில்லை. என் பெற்றோரும் நானும் வாழ்வது ஈப்போவில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டில். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசியும் நீர் எங்கள் அறைக் கூரையில் பல மாதங்களாகக் கறுப்புப் படம் வரைந்துகொண்டிருந்தது. அந்த அறையில் படுக்கும் தம்பிக்குத்தான் மூச்சிரைப்பு. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்பவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இலேயே தனி வழிகாட்டி வெளியிட்டுச் சொல்லியிருக்கிறது. நாமோ இருமல் மருந்துக்கு மாதந்தோறும் காசு கொடுக்கிறோம். சுவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதியவர்களுக்கு இது இன்னும் கடுமை. வயதானால் உடம்பு தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் குறைகிறது. குளிர்ந்தால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. பழைய தோட்ட வீடுகள் பலவற்றில் கழிப்பறை வீட்டின் பின்னால் தனியாக இருக்கும். மழை பெய்யும் நள்ளிரவில் வழுக்கும் சிமெண்டுத் தரையில் 70 வயதுக்காரர் நடந்து போவதை எண்ணிப் பாருங்கள். ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் அவர் படுக்கையை விட்டு எழுந்து நடமாடுவார் என்பதற்கு உறுதியில்லை.

கைக்கு எட்டும் செலவு

சென்ற ஆண்டு செப்டம்பரில் நானும் தம்பியும் பாட்டி வீட்டில் இரண்டு நாள் வேலை செய்தோம். கூரைமேல் ஏறும் வேலையைத் தெரிந்த ஆள் ஒருவரிடம் விட்டுவிட்டோம். அவர் பாட்டியின் பழைய பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஆணி ஓட்டைகளை அடைக்கும் பசைப்பட்டை, புது ஆணிகள், ஒரு துண்டுத் தகரம், கழிப்பறை வழிக்கு ஒரு விளக்கு, வழுக்காத மிதியடி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு 92 வெள்ளி. அந்த இரண்டு நாளில் கற்றதையும், மருத்துவத் துறையில் பயிலும் நண்பர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே தருகிறேன்.

முதலில் கூரை ஓரத்து நீர்க்குழாயில் அடைந்திருக்கும் இலைகளை மழைக்கு முன் அள்ளிவிட வேண்டும். அதில் தேங்கும் நீர் சுவருக்குள் இறங்குகிறது. ஏடிஸ் கொசுவும் அங்கேதான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும் என்பதால், வாரம் ஒருமுறை பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வந்து தேங்கிய நீரைக் கொட்டினால் டிங்கிக்கும் அது தடையாகும்.

அடுத்தது காற்றோட்டம். பேராக்கில் காலையில் வெயிலும் மாலையில் மழையும் பெரும்பாலான நாள்களின் வழக்கம். ஆகவே நண்பகலுக்கு முன்னும் பின்னும் சன்னல்களைத் திறந்து, மாலையில் மேகம் கூடும்போது மூட வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். மெத்தையைத் தரையில் போடாமல் பலகைமேல் போட வேண்டும். இவற்றுக்குச் செலவே இல்லை.

ஈரத்துணியைப் படுக்கையறையில் காயப்போட்டால் துணியிலுள்ள நீரெல்லாம் அறைக்குள்தான் போகும். வேறு வழியில்லை என்றால் சன்னலைச் சற்றுத் திறந்து மின்விசிறியைப் போடலாம். 70 வாட் விசிறி 8 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் ஆகும். 2025 ஜூன் வரை இருந்த கட்டண முறையில், முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்று 21.8 சென். அந்தக் கணக்கில் ஓர் இரவுக்கு 12 சென்தான். மின்கட்டணத்துக்கு அஞ்சி விசிறியை நிறுத்திவிட்டு ஈரத்தில் படுக்கும் முதியவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள்.

குளிக்க வெந்நீர் வேண்டும் என்றால் ஒரு கேத்தல் கொதிநீரை வாளியில் கலந்தால் போதும். விடியலில் தலைக்குக் குளிக்கும் பழக்கத்தை வெயில் வந்த பிறகு என்று மாற்றிக்கொள்ளலாம். சுவரில் பூஞ்சணம் இருந்தால் சவர்க்கார நீரால் துடைத்து உலர்த்த வேண்டும். வெளுப்பு நீரை மற்றக் கழிப்பறை மருந்துகளோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுப் புகை எழும்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். பழைய மலிவு விலை வீடுகள் சிலவற்றில் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கலாம். அதைத் துளையிடவோ சுரண்டவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்கு எமன். வெள்ளம் புகுந்த வீட்டைக் கழுவும்போது காலணி இல்லாமல் இறங்கக் கூடாது. எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். 2010 முதல் நம் நாட்டில் அது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது.

கூரை யாருடையது?

இவ்வளவும் எளிதுதானே, பிறகு ஏன் நடக்கவில்லை? இதற்கு "நம்மவர்களுக்கு அக்கறை இல்லை" என்று மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை.

என் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியது. வேலை செய்தவர்கள் கலைந்தார்கள். பாட்டி வாழும் வீடு மட்டும் நிற்கிறது. வீடும் நிலமும் நிர்வாகத்துக்குச் சொந்தம். பாட்டி அங்கே இருப்பது வாய்மொழி இசைவால். கூரை ஒழுகுவதாக அப்பா எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. "நாளைக்கே காலி பண்ணச் சொன்னா? இந்தத் தகரத்துக்கு ஏன் காசு போடறீங்க?" என்று பாட்டி கேட்டார். இந்தக் கேள்விக்குப் பெயர் அக்கறையின்மை அன்று. தனக்குச் சொந்தமில்லாத கூரைக்கு யார்தான் துணிந்து செலவு செய்வார்? எங்களோடு ஈப்போவுக்கு வந்துவிடும்படி அப்பா அழைக்காத ஆண்டே இல்லை. கோயிலும் தாத்தாவின் சமாதியும் இருக்கும் மண்ணை விட்டுப் பாட்டி வர மறுக்கிறார். அது அவருடைய முடிவு, அதை மதிக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் 1990இல் வந்தது. 446ஆம் எண் சட்டமான அது 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் நடப்புக்கு வந்தது. வீடு கொடுக்கும் முதலாளிக்குப் பல கடமைகளை அது விதிக்கிறது. நல்ல சட்டம். ஆனால், அது வேலையில் இருப்பவருக்கான சட்டம். வேலையை விட்டு ஓய்ந்துபோனவர் அதன் நிழலுக்கு வெளியே நிற்கிறார்.

அரசாங்கத்தின் வறியோர் வீட்டுத் திட்டத்தில் வீட்டைப் பழுதுபார்க்கவும் புதிதாகக் கட்டவும் உதவி உண்டு. ஆனால், நிலம் விண்ணப்பதாரருடையதாக இருக்க வேண்டும். இல்லையேல் நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும். தோட்டத்து முதியவரிடம் இந்த இரண்டும் இல்லை. கூரை ஒழுகுபவருக்குத்தான் கூரை உதவி கிடைப்பதில்லை! பிரிட்டனில் 1997 முதல் முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. நம் நாட்டுக்கு அப்படியே அது பொருந்தாது. நமக்குத் தேவை மழைக்கு முந்திய கூரை உதவி; நில உரிமை இல்லாதவருக்கும் கிடைக்கும்படியான உதவி.

சொந்தம் என்பதன் அருமையை நமக்கு முன்பே உணர்ந்தவர் அதே சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலி உயர்வு மட்டும் போதாது, காலடியில் நிலமும் வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்த எண்ணம் இன்னும் முழுமை பெறவில்லை.

அடுக்குமாடி வீட்டில் நிலைமை சற்று மேல். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளின்படி, கூரையில் ஈரம் தெரிந்தால் மறுதரப்பு மெய்ப்பிக்கும்வரை அது மேல்வீட்டுக் கசிவு என்றே கருதப்படும். எழுத்துமூலம் புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் ஆள் வந்தது. அதற்கு முன் வாய்மொழியாகச் சொன்ன புகார்கள் காற்றோடு போயின. ஒரு தாள், நான்கு வரி. தம்பி இப்போது இரவில் தூங்குகிறான்.

நாம் என்ன செய்யலாம்?

அந்த நான்கு வரியை மலாயில் எழுதத் தெரிந்ததால் எங்கள் வேலை நடந்தது. என் பாட்டிக்கு அது தெரியாது. தமிழை மட்டுமே அறிந்த எத்தனையோ முதியவர்களுக்கும் தெரியாது. அரசாங்கப் பாரங்கள் மலாயில் இருக்கின்றன; இப்போது பல வேலைகள் கணினி வழியாகவும் நடக்கின்றன. இங்கேதான் மொழிக் கழகத்தின் பணி தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆண்டுதோறும் நாம் தோட்டப்புறங்களில் சமூகச் சேவை முகாம் நடத்துகிறோம். தன்முனைப்பு உரை, கலை நிகழ்ச்சி, சுவருக்குச் சாயம், குழுப்படம் என்று முகாம் முடிகிறது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், ஈரமான சுவரில் பூசிய சாயம் அடுத்த மழையில் உரிந்துவிடும் என்பதை எல்லாரும் அறிவோம்.

ஆகவே என் பரிந்துரை இது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், மழைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தோட்டத்து முதியோருக்கு ஒதுக்குவோம். இருவர் இருவராகப் பத்து வீடுகளுக்குப் போனாலும் போதும். கூரை, நீர்க்குழாய், படுக்கை, கழிப்பறை வழி, விளக்கு ஆகிய ஐந்தையும் பார்த்துக் குறித்துக்கொள்வோம். நம்மால் முடிந்ததை அன்றே செய்வோம். பொறியியல் மாணவர் கூரையைப் பார்க்கட்டும், மருத்துவ மாணவர் இரத்த அழுத்தத்தைப் பார்க்கட்டும், சட்ட மாணவர் கடிதம் எழுதட்டும், தமிழ் மாணவர் பேசிக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

எழுதிக்கொள்வது என்று நான் சொல்வது கதைக்காக மட்டும் அன்று. அந்த முதியவர் எந்த ஆண்டு முதல் அங்கே வாழ்கிறார், பழைய சம்பளச் சீட்டு, தொழிற்சங்க அட்டை, ஊழியர் சேமநிதிப் பதிவு ஏதேனும் இருக்கிறதா என்று திரட்டிப் படமெடுத்து வைக்க வேண்டும். நாளை நில உரிமையாளரிடம் இசைவுக் கடிதம் கேட்கவும், மாவட்ட அலுவலகத்தில் இ-காசே பதிவுக்கு விண்ணப்பிக்கவும், சமூக நலத்துறையின் முதியோர் உதவியைக் கேட்கவும் அவை பயன்படும். தகரப் பெட்டிக்குள் இருக்கும் அந்தத் தாள்களும் இந்த மழையில்தான் நனைந்துகொண்டிருக்கின்றன.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விருந்துக்கு நீங்கள் தரும் நன்கொடையில் ஒரு சிறு பகுதியைக் "கூரை நிதி" என்று தனியே ஒதுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு ஆன செலவை அளவாக வைத்தால், 1,000 வெள்ளியில் பத்து வீடுகளைப் பார்த்துவிடலாம். உங்களில் வழக்கறிஞர்களாக இருப்பவர்கள் ஓர் இசைவுக் கடிதத்தின் மாதிரியை எழுதித் தாருங்கள். அரசாங்கப் பணியில் இருப்பவர்கள் எந்த முகப்பில் எந்தப் பாரத்தைக் கொடுப்பது என்று வழிகாட்டுங்கள்.

தோட்டத்திலிருந்து நம்மைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய கைகள் இன்று ஈரப் போர்வைக்குள் நடுங்குகின்றன. அவர்களுக்கு மாலையும் பொன்னாடையும் போட்டது போதும். முதலில் அவர்கள் படுக்கும் இடம் காயட்டும். அடுத்த செப்டம்பருக்கு நாள் குறிப்போம், வாருங்கள்!